சோறூட்டும் பொம்மை

“இந்த வாரம் உங்ககூட மட்டும் பேசணும்” என்றால் என்ன அர்த்தம்? பஸ் அவிநாசியைத் தாண்டிப் பெரிய ரோட்டில் ஏறியதிலிருந்து கோகிலவாணி இந்த ஒரு வரியைத்தான் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள், கம்பெனியில் செக்கிங் டேபிளில் பனியனைப் பார்ப்பதுபோல, உள்பக்கம் ஒருதரம், வெளிப்பக்கம் ஒருதரம். ஹெலன் மேடம் வியாழக்கிழமை போனில் சொன்ன வரி அது. பாப்பாவையும் கூட்டிக்கொண்டு வாங்க, அவள் ஹாலில் விளையாடிக்கொண்டு இருக்கட்டும், ஆனால் இந்த வாரம் உங்ககூட மட்டும் பேசணும். குரலில் ஒரு கோணல் இல்லை, ஒரு இழுப்பு இல்லை, நல்ல பதமான குரல். அதுதான் கோகிலாவுக்கு ஆகவில்லை. மேனேஜர் கத்தினால் அவளுக்குப் பயமில்லை, கத்துகிற மனுஷன் மனசில் கிடந்ததைக் கொட்டிவிட்டான், துடைத்துக்கொண்டு வேலையைப் பார்க்கலாம். அதே மேனேஜர் “உக்காருங்க கோகிலா” என்று நாற்காலியை இழுத்துப் போட்டால்தான் அவளுக்குப் பயம். ஹெலன் நாற்காலியை இழுத்துப் போடுகிற ஜாதி. அவளுடைய அறையில் நாற்காலியே கிடையாது என்பது வேறு விஷயம், பாய் விரித்துத் தரையில் உட்கார்ந்துகொள்வாள், சின்னப் பெண், கோகிலாவின் தங்கை வயசுகூட இருக்காது, சுற்றிலும் மணல் தட்டும் மரப்பொம்மைகளும். வெளியே போர்டில் குழந்தைகள் மனநல ஆலோசகர் என்றுதான் இருந்தது, டாக்டர் என்று போட்டிருக்கவில்லை, அதை முதல் நாளே கோகிலா பார்த்துவைத்திருந்தாள். டாக்டர் இல்லாதவள் எப்படிக் குணப்படுத்துவாள்? குணமும் ஆகவில்லையே. ஜன்னலோரத்தில் உட்கார்ந்திருக்கிற இந்த மிதுனா, ரெண்டாம் வகுப்பு, வீட்டுக்குள் வாய் ஓயாதவள், டீவிக்குப் பதில் சொல்லுவாள், குக்கருக்குப் பதில் சொல்லுவாள், வாசப்படி தாண்டினால் ஒரு சொல் கிடையாது. போன வருஷம் தீபாவளி லீவு முடிந்து ஸ்கூல் திறந்த அன்றைக்கு மூடிய வாய். பஸ்ஸில், கடையில், கோயிலில், அம்மாவின் காதைப் பிடித்து இழுத்துக் குசுகுசுப்பதோடு சரி. பட்டாசுச் சத்தத்தில் பயந்திருப்பாள் என்றார்கள், கண் பட்டிருக்கும் என்றார்கள், கயிறு மந்திரித்துக் கட்டினார்கள். இந்த வருஷக் கடைசிக்குள் பிள்ளை வாய் திறந்து வாசிக்கவில்லை என்றால் மேலே அனுப்ப முடியாது, வேறு மாதிரியான பள்ளிக்கூடம் பார்த்துக்கொள்ளுங்கள் என்று பிரின்சிபால் சொல்லிவிட்டார். வேறு மாதிரி என்றால் என்ன மாதிரி என்று கோகிலா கேட்கவில்லை. கேட்டால் அவர் சொல்லிவிடுவார் என்று பயந்தாள்.

பாப்பா என்னவோ சொல்லியிருக்கிறாள். அது ஒன்றுதான் காரணமாக இருக்க முடியும். வாயால் சொல்லியிருக்க மாட்டாள், அந்த அறையிலும் அவள் பேசுவதில்லை என்று ஹெலனே சொன்னாள். கைகாட்டி, தலையாட்டி, படம் போட்டு, பொம்மையை இப்படி அப்படி வைத்து எதையோ காட்டிக்கொடுத்திருக்கிறாள். எதை? அங்கேதான் கோகிலாவின் மனசு மாட்டிக்கொண்டு நின்றது. டிபன் பாக்ஸையா? அது ஆனி மாசத்தில், சாப்பாட்டை அப்படியே திருப்பிக் கொண்டுவந்தாளே என்ற ஆத்திரத்தில் தூக்கி அடித்ததில் சாம்பார் சாதம் சுவரெல்லாம் சிதறி, பாப்பா குனிந்து பருக்கை பொறுக்கினாள். அதுவாக இருக்கலாம். இல்லை, கல்யாண மண்டபமா? புருஷன் லோகநாதனின் பெரியப்பா மகன் கல்யாணத்தில் ஒரு பெரியவர் குனிந்து “பேரென்ன கண்ணு” என்று கேட்க, இவள் நிற்க, அவர் மறுபடி கேட்க, இவள் நிற்க, சுற்றிலும் உறவுக்காரர்கள் பார்க்க, கோகிலா சிரித்துக்கொண்டே முந்தானைக்குப் பின்னால் பாப்பாவின் தொடையைக் கிள்ளினாள். நறுக்கென்றுதான் கிள்ளினாள். பிள்ளை அழக்கூட இல்லை, கண் மட்டும் நிறைந்தது, பெரியவர் அதைப் பார்த்துவிட்டு “கூச்ச சுபாவமாட்ட இருக்குது” என்று நகர்ந்தார். வீட்டுக்கு வந்து பாவாடையைத் தூக்கிப் பார்த்தால் கன்றிப்போயிருந்தது, தேங்காயெண்ணெய் வைத்தாள். அந்த இடத்தை நினைத்தால் இப்போதும் கோகிலாவுக்கு வெட்கமாக இருக்கிறது, ஆனால் வெட்கத்துக்குப் பின்னாலேயே அது யாருக்குத் தெரியும் என்ற கேள்வி வந்துவிடுகிறது. லோகநாதனுக்குத் தெரியும். ஒரு சனிக்கிழமை இவளுக்குக் கம்பெனியில் ஆடிட் என்று அவர்தான் பாப்பாவை ஹெலனிடம் கூட்டிப்போனார். திரும்பி வந்ததும் கேட்டாள், என்ன பேசினீங்க. “சும்மாதான் உக்காந்திருந்தேன்” என்றார். நிட்டிங் மிஷின் சத்தத்திலேயே பாதி வாழ்க்கையைக் கழித்த மனுஷன், எதைக் கேட்டாலும் சும்மா. சும்மா உட்கார்ந்திருந்தவர் அன்றைக்கு ராத்திரி எதற்குச் சம்பந்தமில்லாமல் “பாப்பாவ மெரட்டாத கோகிலா” என்றார்? அந்த வார்த்தை அவர் வார்த்தை இல்லை. அவருக்கு அந்த வார்த்தை வராது. ஹெலன் சொல்லிக்கொடுத்து அனுப்பியிருக்கிறாள். ரெண்டு பேருமாகச் சேர்ந்து அந்தப் பாயில் உட்கார்ந்து இவளைப் பற்றிப் பேசியிருக்கிறார்கள், பாப்பா நடுவில் பொம்மையை வைத்துக்கொண்டு கேட்டிருக்கிறாள்.

சொல்லிக்கொடுத்து அனுப்புவது என்றால் என்னவென்று கோகிலாவுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அவள் பிழைப்பே அதுதான். பேருக்குச் செக்கிங் சூப்பர்வைசர், ஆனால் கம்பெனியில் அவளை வைத்துத் தாங்குவது வேறு ஒரு காரியத்துக்காக. துணி வாங்குகிற வெளிநாட்டு பையர் கம்பெனிக்காக ஆடிட் பண்ண ஆள் வருவார்கள், தொழிலாளிகளைத் தனித்தனியாகக் கூப்பிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு கேட்பார்கள், எத்தனை மணி நேரம் வேலை, யாராவது திட்டுகிறார்களா, பாத்ரூம் போக விடுகிறார்களா. வருவதற்கு முந்தின வாரமே கோகிலா ஒவ்வொரு லைனாகப் போய் நிற்பாள். எட்டு மணி நேரம். ஓவர்டைம் நாங்களாக விருப்பப்பட்டால் மட்டும். யாரும் திட்டுவதில்லை. மனப்பாடம் பண்ணிக் கடகடவென்று ஒப்பித்தால் அவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று அவளுக்குத்தான் முதலில் புரிந்தது. ஒரு தையல்காரப் பெண், பாவம், உன் பேர் என்னம்மா என்று கேட்டதற்கே “எட்டு மணி நேரமுங்க” என்று சொல்லிவிட்டாள். அதற்கப்புறம் கோகிலா பாடத்தையே மாற்றினாள், ராத்திரி வீட்டில் பாப்பாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே போனிலும் சொல்லிக்கொடுத்தாள். கேட்ட உடனே பதில் சொல்லாதீங்க. கொஞ்சம் மேலே பாருங்க, யோசிக்கிற மாதிரி இருங்க, அப்புறம் சொல்லுங்க. யோசித்துச் சொல்கிற பதிலை யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். பேக்கிங் செக்ஷனின் முரட்டுப் பெண்கள்கூடக் கூரையைப் பார்த்து யோசிக்கக் கற்றுக்கொண்டார்கள், மேனேஜர் பிரமாதம் என்றார். எல்லாரும் கற்றுக்கொண்டார்கள், செல்வராணி தவிர. கம்பெனி ஹாஸ்டலில் தங்கி வேலை பார்த்த அந்தப் பெண் போன வருஷம் கதவைச் சாத்தின அறைக்குள் என்ன கேட்டார்களோ அத்தனைக்கும் உள்ளது உள்ளபடி சொல்லிவிட்டு வெளியே வந்து, “அவங்க நல்லவங்களாத் தெரிஞ்சாங்கக்கா” என்று கோகிலாவிடமே சொன்னாள். போய் மேனேஜரிடம் சொன்னது கோகிலா. சொல்லாமல் இருந்தால் இவள் வேலை போயிருக்கும். தீபாவளிக்கு முன்னாலேயே செல்வராணியைப் பெட்டியோடு பஸ் ஏற்றினார்கள். நல்லவங்களாத் தெரிஞ்சாங்களாம். நல்லவளாகத் தெரிகிறவள்தானே ஹெலனும், பாயில் உட்கார்ந்துகொண்டு, தண்ணி குடிக்கறீங்களாக்கா என்று கேட்டுக்கொண்டு. அந்த ஆடிட்காரர்களும் முதலில் தண்ணீர்தான் கொடுப்பார்கள்.

அதனால்தான் கோகிலா ஆரம்பத்திலேயே உஷாராகிவிட்டாள். முதல் வாரம் பாப்பா அந்த அறையிலிருந்து வெளியே வந்ததும் பஸ் ஸ்டாப்பில் வைத்தே கேட்டுவிட்டாள், உள்ளே என்ன இருந்தது. அப்பா பொம்மை, அம்மா பொம்மை, பாப்பா பொம்மை, குட்டிக் கட்டில், குட்டி அடுப்பு என்று காதுக்குள் சொன்னாள் பாப்பா. கோகிலாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. வாயால் கேட்டால் வாய்க்குச் சொல்லிக்கொடுக்கலாம், பொம்மையை வைத்துக் கேட்டால் கைக்கு என்ன சொல்லிக்கொடுப்பது? அடுத்த புதன்கிழமை சாயந்தரமே கடைத்தெருவில் அலைந்து ஏறக்குறைய அதே மாதிரி ஒரு பொம்மை செட் வாங்கிவந்தாள். கட்டில் மட்டும் நிறம் வேறு. படுக்கையறையில் பாப்பாவை உட்காரவைத்து விளையாடக் கற்றுக்கொடுத்தாள். அம்மா பொம்மை அடுப்பில் சமைக்கிறது. பாப்பா பொம்மைக்குச் சோறு ஊட்டுகிறது. பாப்பா பொம்மை சிரிக்கிறது. எல்லாரும் தூங்குகிறார்கள். அப்பா பொம்மையை என்ன பண்ண என்று பாப்பா கேட்டதற்கு, அது சும்மா உக்காந்திருக்கட்டும் என்றாள். இன்னொருதரம் பண்ணு சாமி. அவசரப்படாதே, ஊட்டும்போது வாய்கிட்ட கொண்டுபோ. ஆங், இப்படித்தான். பாப்பா கெட்டிக்காரி, ரெண்டே நாளில் பிசிறில்லாமல் வந்துவிட்டது. அடுத்தடுத்த சனிக்கிழமைகளில் வெளியே ஹாலில் உட்கார்ந்துகொண்டு, கதவுக்குப் பின்னால் அம்மா பொம்மை சோறு ஊட்டிக்கொண்டிருக்கும் என்று நினைத்துக் கோகிலா நிம்மதியாகச் சாய்ந்து உட்கார்ந்தாள். இத்தனைக்கும் நிஜமாகவே அவள் ஊட்டுகிறவள்தான். தினமும் இல்லாவிட்டாலும் ஞாயிற்றுக்கிழமை மதியம் பிசைந்து உருட்டிக் கையில் வைப்பாள், இல்லாததையா சொல்லிக்கொடுத்தாள்? ஆனால் வியாழக்கிழமை போனில் அந்தப் பதமான குரல் சொன்னது இதைத்தான்: “மிதுனா ஒவ்வொரு வாரமும் ஒரே விளையாட்டைத்தாங்க விளையாடறா. அம்மா சோறு ஊட்டுது, பாப்பா சிரிக்குது, தூங்கிருது. ஒரு மாத்தமும் இல்ல. பொம்மையை எடுத்து வெக்கறப்ப அவ கை நடுங்குது.” கை நடுங்குது என்பதை எதற்குக் கடைசியில் சொன்னாள்? முதலில் சொல்லியிருக்கலாமே. ஆடிட் ரிப்போர்ட்டிலும் பெரிய குறையைக் கடைசியில்தான் போடுவார்கள். அப்படியென்றால் கண்டுபிடித்துவிட்டாள். கண்டுபிடித்தவள் நேரடியாகச் சொல்ல வேண்டியதுதானே, உங்ககூட மட்டும் பேசணும் என்று எதற்கு வளைக்கிறாள்?

பஸ் கருமத்தம்பட்டியில் நின்றது. ஒரு கூடை மாங்காயும் ரெண்டு காலேஜ் பையன்களும் ஏறினார்கள், முன் சீட்டில் ஒரு வேட்டிக்காரர் நெற்றி நிறைய விபூதியோடு வந்து உட்கார்ந்து, திரும்பி ஒருதரம் பாப்பாவைப் பார்த்துச் சிரித்தார். எதற்குச் சிரிக்கிறார்? பாப்பா பதிலுக்குச் சிரிக்கவில்லை. பேர் கேட்டுவிடுவாரோ என்று கோகிலா கைப்பையை எடுத்து மடியில் குறுக்கே வைத்துக்கொண்டாள். அவர் கேட்கவில்லை, திரும்பிக்கொண்டார். போனில் ஹெலன் இன்னொன்றும் சொன்னாள், அதுதான் முள்ளாகக் குத்திக்கொண்டேயிருந்தது. “பிள்ளை மனசுக்குள்ள என்ன ஓடுதுன்னு அம்மா நின்னு யோசிச்சுப் பாக்கறப்ப, பிள்ளைக்கு நாங்க பண்றது சீக்கிரம் பலிக்குதுங்க. அதைப் பத்தித்தான் உங்ககிட்டப் பேசலாம்னு.” நல்ல கதையாக இருக்கிறதே, இவள் பண்ணுவது பலிக்கவில்லை என்றால் பழி அம்மாமேல். யோசிக்கவில்லையாமா? கோகிலவாணி யோசிக்கவில்லையா? பல் தேய்க்கும்போது யோசனை, ஸ்கூட்டி ஓட்டும்போது யோசனை, தூக்கத்திலும் யோசனை. மேனேஜர் இன்றைக்கு முகம் கொடுக்கவில்லையே, யார் போய் என்ன சொன்னார்களோ. நாத்தனார் வளைகாப்புக்குக் கூப்பிடும்போது “முடிஞ்சா வாங்க” என்றாளே, வர வேண்டாம் என்றுதானே அர்த்தம். கிளாஸ் டீச்சர் வாட்ஸாப்பில் வெறும் கும்பிடு போட்டாளே, அது மரியாதையா, ஆளை விடும்மா என்பதா. ஊரில் உள்ள அத்தனை மனசையும் பிரித்து மேய்கிறவளைப் பார்த்து யோசிக்கவில்லை என்கிறாள் ஒருத்தி. சரி, கேட்கட்டும். இன்றைக்கு உட்காரவைத்து அதைத்தான் கேட்பாள், பாப்பா மனசுக்குள்ள என்ன ஓடுதுன்னு நினைக்கறீங்க. பதிலைத் தயார் பண்ணிவிட வேண்டியதுதான். பாப்பாவுக்கு அம்மான்னா உயிருங்க. இதைச் சொல்லலாம். கொஞ்சம் மேலே பார்த்து, யோசித்து, அப்புறம் சொல்ல வேண்டும். பாப்பாவுக்குக் கூச்சமுங்க. வெளியாளுங்களக் கண்டா பயமுங்க. பயம் என்றால் என்ன பயம் என்று திருப்பிக் கேட்டால்? அவள் என்னைக் கண்டா பயப்படுகிறாள்? என்னை மாட்டிவிடத்தான் பேசாமல் இருக்கிறாளோ? சின்னப் பிள்ளைக்கு அவ்வளவு அழுத்தம் எங்கிருந்து வரும், லோகநாதன் பக்கத்துச் சொத்தாக இருக்குமோ, அவருடைய அக்காவும் இப்படித்தான், ஒரு வருஷம் இவளிடம் பேசாமல் இருந்தவள், மண்டபத்தில் எதிரில் வந்தும்கூட. கோகிலா சட்டென்று நிறுத்திக்கொண்டாள். பாப்பா மனசுக்குள் என்ன ஓடுகிறது என்று யோசிக்கப் புறப்பட்டு, நாத்தனார் வீட்டு வாசலில் வந்து நின்றிருந்தாள். மறுபடி முதலிலிருந்து யோசித்தாள். பாப்பா. மிதுனா. ஏழு வயசு. அவள் மனசுக்குள். இந்தத் தடவை கம்பெனி வாசலில் போய் முடிந்தது. எந்தப் பக்கம் போனாலும் கடைசியில் கோகிலாவேதான் நின்றுகொண்டிருந்தாள், கையைக் கட்டிக்கொண்டு, தன்னை யார் என்ன சொன்னார்கள் என்று கேட்டபடி. அந்த யோசனைகள் எதிலும் பாப்பாவைக் காணோம். அவளுக்கு முதல்முறையாக நிஜமாகவே பயமாக இருந்தது, ஹெலனை நினைத்து அல்ல.

நீலாம்பூர் தாண்டி வெயில் ஜன்னலுக்குள் விழுந்தது. ஸ்கிரீனை இழுத்துவிடலாம் என்று குனிந்தபோதுதான் பார்த்தாள், பாப்பாவின் உதடு அசைந்துகொண்டிருந்தது. சத்தம் இல்லை. கண் வெளியே ஓடுகிற கம்பங்களில், உதடு மட்டும் அது பாட்டுக்கு. யாரோடு பேசுகிறாள்? கோகிலாவின் பார்வை தானாக வெளியே போய் யாராவது இருக்கிறார்களா என்று தேடிவிட்டு வந்தது. யாரும் இல்லை. பாட்டா? பாட்டில்லை, பாட்டென்றால் தலை ஆடும். ஒரு வரி முடிந்து நிற்கிறது, கண் மேலே போகிறது, பஸ்ஸின் கூரையைப் பார்க்கிறது, அப்புறம் அடுத்த வரி. கோகிலாவின் கை ஸ்கிரீனிலேயே நின்றுவிட்டது. இதை அவள் பார்த்திருக்கிறாள். கதவைச் சாத்தின அறைக்கு வெளியே, பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்து, தன் முறை வருவதற்காகக் காத்திருக்கிற பெண்களின் உதடு இப்படித்தான் அசையும். இப்படித்தான் மேலே பார்ப்பார்கள்.

“என்ன சாமி சொல்லிப் பாக்கற?” என்றாள்.

பாப்பா திடுக்கிட்டுத் திரும்பினாள். முன் சீட்டைப் பார்த்தாள், பின் சீட்டைப் பார்த்தாள், கண்டக்டர் எங்கே நிற்கிறார் என்று பார்த்தாள். அந்தப் பார்வை யாருடையது என்று கோகிலாவுக்குத் தெரிந்தது, கண்ணாடியில் தினமும் பார்க்கிறவளுக்குத் தெரியாதா. அப்புறம் பாப்பா அவள் காதைப் பிடித்து இழுத்தாள்.

“உனக்குத்தாம்மா.”

“எனக்கா?”

“இன்னைக்கு ஹெலன் அக்கா உன்னையத்தான கேப்பாங்க. நீ மறந்துட்டீன்னா? நான் சொல்லித் தரேன். பாப்பாவ அடிப்பீங்களான்னு கேட்டாங்கன்னா, இல்லைன்னு ஒடனே சொல்லீராத. கொஞ்சம் மேல பாத்துட்டு, அப்பறமாச் சொல்லு.”

“இதெல்லாம் யாரு உனக்குச் சொன்னது?” வார்த்தை வாயைவிட்டுப் போன பிறகுதான் அது என்ன வார்த்தை என்று கோகிலாவுக்கு உறைத்தது. யார் சொன்னது, யாரிடம் சொன்னாய், யார் இருந்தார்கள். வேறு கேள்வியே அவளுக்கு வராதா? பாப்பா காதை விட்டுவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். முகம் துடைத்துவிட்ட மாதிரி ஆகிவிட்டது. இந்த முகத்தைக் கோகிலா பிடிவாதம் என்று நினைத்திருந்தாள், அழுத்தம் என்று நினைத்திருந்தாள், தன்னை அவமானப்படுத்தவே இப்படி முகத்தை வைத்துக்கொள்கிறாள் என்றுகூட நினைத்திருந்தாள், கிள்ளினது இந்த முகத்தைப் பார்த்துத்தான். இப்போது பக்கத்திலிருந்து பார்த்தால் கழுத்து நரம்பு துடிப்பது தெரிந்தது. விசாரிக்கப்படுகிறவளின் கழுத்து. சின்னியம்பாளையத்தில் ஆள் இறங்கினார்கள், ஏறினார்கள், கண்டக்டர் விசில் ஊதினார். என்ன கேட்பது? பதில் கையில் இல்லாமல் ஒரு கேள்வியைக் கேட்டு அவளுக்குப் பழக்கமே இல்லை. எதைக் கேட்டாலும் என்ன வர வேண்டும் என்று தெரிந்துதான் கேட்பாள், வரவில்லை என்றால் இன்னொருதரம் சொல்லு சாமி என்பாள். ஒண்ணும் ஆகாது கண்ணு, பயப்படாதே என்று சொல்லிவிடலாம், நாக்கு நுனியில் இருந்தது. அதுவும் ஒரு பாடம்தான், அதையும் பாப்பா நன்றாக மனப்பாடம் பண்ணிக்கொள்வாள். கோகிலா அதை முழுங்கினாள்.

“அம்மா தப்பாச் சொல்லிட்டா என்ன ஆகும்னு நீ நெனைக்கற?”

ஏர்ப்போர்ட் திருப்பத்தில் வண்டிகள் நெருக்கிக்கொண்டு நின்றன, வெயிலில் டீசல் நாற்றம் வந்தது, யாரோ போனில் சத்தமாகக் கடைக்கணக்குப் பேசினார்கள். கோகிலாவுக்குள் அரை டஜன் பதில்கள் முண்டிக்கொண்டு வந்தன, ஒவ்வொன்றாக உட்காரவைத்தாள். இப்படிக் காத்திருப்பது உடம்பு வலிக்கிற வேலையாக இருந்தது.

“அனுப்பிருவாங்க,” என்று காதுக்குள் வந்தது.

“எங்க?”

“தெரியல. செல்வராணி அக்காவ அனுப்புனாங்கல்ல. ஆயுத பூஜைக்கு கம்பெனில என்னையத் தூக்கிட்டே இருந்தாங்கல்ல, அந்த அக்கா. அவங்க எங்கம்மான்னு கேட்டதுக்கு நீதான சொன்ன, வாயத் தொறந்து தப்பாச் சொல்லிட்டா, அனுப்பியாச்சுன்னு.”

சொன்னாளா? சொல்லியிருப்பாள். வெங்காயம் நறுக்கிக்கொண்டோ, போனைத் தோளில் இடுக்கிக்கொண்டோ, திரும்பிக்கூடப் பார்க்காமல் சொல்லியிருப்பாள். ஒரு கணம் பழைய புத்தி தலைதூக்கியது, இதை ஹெலன் சொல்லிக்கொடுத்திருப்பாளோ, இப்படிப் பேசு, அம்மா இளகுவாள் என்று. ஆனால் ஹெலனுக்குச் செல்வராணியைத் தெரியாது. அந்தப் பேரை இந்த வீட்டில் சொன்னது ஒரே ஒருத்திதான். சந்தேகப்பட ஆள் கிடைக்காமல் கோகிலா உட்கார்ந்திருந்தாள்.

“அதனாலயா சாமி ஸ்கூல்ல...” என்று ஆரம்பித்துவிட்டு, மீதியைத் தானே முடித்துவிடாமல் பல்லைக் கடித்தாள்.

“மிஸ் கேட்டாங்கம்மா. தீபாவளிக்கு வீட்டுல என்ன பண்ணுனீங்க, அம்மா என்ன வேலைக்குப் போறாங்கன்னு எல்லாரையும் கேட்டாங்க. எனக்கு எது தப்பு, எது சரின்னு தெரியலம்மா. நீ ஸ்கூலுக்கு மட்டும் சொல்லிக்குடுக்கவே இல்ல. அதான் ஒண்ணுமே சொல்லல. அப்பறம் எதக் கேட்டாலும் சொல்லல. பேரு கேட்டாக்கூட, பேருல ஆரம்பிச்சு அப்பறம் வேற எதாச்சும் கேப்பாங்கல்ல.”

கோகிலா பாப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். கை சில்லென்றிருந்தது. மாதக்கணக்காக இந்தப் பிள்ளை இவளைக் காவல் காத்துக்கொண்டிருந்திருக்கிறாள், தொடை கன்றிய அன்றைக்கும், பருக்கை பொறுக்கிய அன்றைக்கும். அம்மாவைக் காப்பாற்றுகிறவளை அம்மா கிள்ளியிருக்கிறாள். அழுகை வந்தது, அழுதால் பாப்பா அதற்கும் பயந்து வாயை மூடிக்கொள்வாளோ என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டாள்.

“ரொம்ப பயமா இருந்துச்சா?”

“இருந்துச்சு.” பாப்பா யோசித்தாள். மேலே பார்க்கவில்லை, அம்மாவின் முகத்தைப் பார்த்து யோசித்தாள். “பகல்ல கொஞ்சமாத்தான் இருக்கும். நீ வர லேட்டாச்சுன்னாத்தான் எச்சா இருக்கும். அப்பா டீவி பாத்துட்டே இருப்பாரு, நான் வாசல் கேட்டுக்குப் போயிப் போயிப் பாப்பேன், உன்ற ஸ்கூட்டிச் சத்தம் கேக்குதான்னு.” காதைப் பிடித்திருந்த கை எப்போதோ நழுவி மடியில் விழுந்திருந்தது. பாப்பாவுக்கு அது தெரியவில்லை. “ஒருநாள் நீ ஆடிட்டுன்னு வரவே இல்லயல்ல, அன்னைக்கு உன்னையும் அனுப்பிட்டாங்கன்னே நெனச்சுட்டேன். உன்ற நைட்டிய எடுத்து என்ற ஸ்கூல் பேக்குல வெச்சுக்கிட்டேன்...”

குரல் எழும்பிவிட்டது. குசுகுசுப்பு இல்லை, வீட்டுக்குள் குக்கரோடு பேசுகிற அதே குரல், கீச்சென்று, கொஞ்சம் கட்டையாக, பஸ்ஸில் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி. முன் சீட்டு வேட்டிக்காரர் திரும்பினார். காலேஜ் பையன்களில் ஒருத்தன் திரும்பினான். கோகிலாவின் கை தானாக மேலே வந்தது, மெதுவாப் பேசு, ஆளுங்க கேக்கறாங்க என்று பாப்பாவின் வாயைப் பொத்துவதற்குப் பழகிய கை. பாதியில் அதைப் பிடித்து நிறுத்தித் தன் மடியில் வைத்துக்கொண்டாள். கேட்கட்டும். ஆடிட் அன்றைக்கு வரவில்லை என்பதைக் கேட்கட்டும், அப்பா டீவி பார்த்தார் என்பதைக் கேட்கட்டும், தப்பாகவே வரட்டும்.

“எதுக்கு நைட்டிய எடுத்து வெச்ச?” என்று கேட்டாள். அவளுக்கு நிஜமாகவே தெரியவில்லை.

“அதுல உன்ற வாசம் இருக்குமல்ல. அப்பறம் உன்னையத் தேடிட்டுப் போறப்ப...”

“ஹோப்ஸ், ஹோப்ஸ், எறங்கறவங்க வாங்க,” என்று கத்திக்கொண்டே கண்டக்டர் கூட்டத்தில் நீந்தி வந்தார். பஸ் ஓரம் கட்டியது. சந்து முனையில் ஹெலனின் போர்டு தெரிந்தது, நேரமும் ஆகிவிட்டிருந்தது. கோகிலா எழுந்திருக்கவில்லை.

“ஏனுங்க்கா, ஹோப்ஸ்தான கேட்டீங்க? எறங்கலயா?”

“அடுத்த ஸ்டாப்புல எறங்கிக்கறமுங்க,” என்றாள் கோகிலவாணி, பஸ் முழுக்கக் கேட்கும்படி. “பாப்பா பேசிட்டு இருக்கறா.”